மேடையில் அக்கா சொன்ன பதில்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் நிறுவனத்தில் என் அக்கா பொறியாளர். தீயணைப்பு வீரர்கள் வாக்கி டாக்கியில் கத்துவதெல்லாம் கட்டுப்பாட்டு அறைத் திரையில் வரிவரியாக ஓட வேண்டும்; அதுதான் அவள் பிரிவின் வேலை. ஒரு சொல் பிசகினாலும் பிடித்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பாம்புச்செவி' என்று பட்டப்பெயர்.

ஒருநாள் வாக்கி டாக்கிக்குச் சிப் தயாரிக்கும் பெரிய நிறுவனத்தின் வண்டி அக்காவின் அலுவலக வாசலில் நின்றது. யாரோ அதைப் படமெடுத்து முதலீட்டாளர் குழுவில் போட்டுவிட்டார்கள். இரண்டு நிறுவனங்களும் கைகோக்கப் போகின்றன என்று கதை கிளம்பியது. அக்கா நிறுவனத்தின் பங்கு விலை விறுவிறுவென்று ஏறியது. என் சேமிப்பில் பாதியை நானும் போட்டேன்.

"அக்கா, கையெழுத்து ஆயிடுச்சா? தலையை மட்டும் ஆட்டு, போதும்."

"ஆட்டினா கழுத்து வலிக்கும். சாப்பிட்டுட்டுக் கிளம்புடா."

அடுத்த வாரம் பங்குதாரர் கூட்டம். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இயக்குநர் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் எழுந்து அக்காவிடமே நேராகக் கேட்டார்: "அந்த சிப்ல உங்க மென்பொருள் ஒழுங்கா ஓடுதாம்மா?"

அக்கா மைக்கை வாங்கினாள்.

"இப்போதைக்கு சோதனைதாங்க நடக்குது. ஒப்பந்தம் எதுவும் போடல. சைரன் சத்தத்துல 'மேலே ஆள் இருக்கு'ன்னு சொன்னா, திரையில 'கீழே'ன்னு வருது. உள்ள மாட்டிக்கிட்டவங்க உயிர் விஷயம். அது சரியாகுற வரைக்கும் ரெடின்னு சொல்ல மாட்டேன்."

மாலைக்குள் விலை மளமளவென்று சரிந்தது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவு செய்த சைரன் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"காலையில ரூமுக்கு வந்து பாருன்னு இயக்குநர் சொல்லியிருக்காரு" என்றாள்.

வேலைக்கே உலை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்! வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் சிப் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரிடமிருந்து போன்.

"அந்தம்மா சொன்னதை வச்சுத் தேடினோம் சார். எங்க சிப்தான் சொல்லோட முதல் எழுத்தை முழுங்குது; மிச்சத்தை வச்சு உங்க மென்பொருள் தப்பா ஊகிக்குது. அவங்களை எங்க ஆளுங்களோட உட்கார வைங்க."

ஐந்து மாதம் உட்கார்ந்தார்கள். தீயணைப்பு நிலையத்தின் மாடிப்படிகளில் சைரனை அலறவிட்டு, வீரர்களை ஓடவிட்டு, ஒரு பிழைகூட வராத அன்றைக்குத்தான் அக்கா தலையாட்டினாள். அதன்பின் ஒப்பந்தம் கையெழுத்தானது.

போட்ட பணம் எனக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் எங்கேயாவது அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "மைக்கை வாங்கினது எங்க அக்காதான்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.