பச்சை முக்காட்டுக்காரிதான் கொலைகாரி

என் மனைவி ரம்லத் இதுவரை மூன்று பேரைக் கொன்றிருக்கிறாள். நான் சொல்லவில்லை, நாற்பது லட்சம் பேர் சொல்கிறார்கள். ரம்லத்தைக் கேட்டால், "லட்சமெல்லாம் இல்ல, ஒரு நானூறு பேரு இருக்கும்" என்பாள். இருக்கட்டுமே. ஒரு பொம்பளையைக் கொலைகாரி என்று சொல்ல நானூறு பேர் போதாதா?

எல்லாம் அந்தத் தொடரால் வந்தது. 'ஏழாம் நாள் திரும்புவோம்' என்று பெயர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கொச்சிக்கு விடுமுறைக்கு வருகிறது. இரண்டாம் நாள் படகில் உட்கார்ந்து பொதிச்சோறு பிரித்துச் சாப்பிடுகிறார்கள். வாழையிலையில் கட்டிய சாப்பாடுதான். சாயங்காலம் சித்தப்பா காலி. அப்புறம் விடுமுறை எங்கே விளங்கும்? விட்டு விட்டு ஒவ்வொருவராக விழுகிறார்கள்.

போன டிசம்பரில் எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில்தான் படம் பிடித்தார்கள். குடும்பம் வேனிலிருந்து இறங்கும்போது வாசலில் நிற்க உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். ரம்லத்தை முன்னால் தள்ளிவிட்டது நான். பச்சை முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். "சும்மா நில்லுங்கம்மா, ஒண்ணும் செய்யாதீங்க" என்றார் டைரக்டர். சும்மா நிற்பதா, ரம்லத்தா? உள்ளே குக்கரில் பீஃப் வெந்துகொண்டிருந்தது. ஐந்து விசிலில் இறக்க வேண்டும். கேமரா ஓடும்போது மூன்றாவது விசில் வந்தது. கண்ணை மட்டும் வீட்டுப் பக்கம் திருப்பி, உதட்டுக்குள் "மூணு" என்றாள். நாலே விநாடி. பிற்பாடு விசில் சத்தத்தை எடுத்துவிட்டார்கள், உதட்டை விட்டுவிட்டார்கள்.

முதல் பகுதி வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. களமசேரிக் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன் வீட்டில் ஒரு நடிகை! ஆனால் எங்கள் தமிழ்க்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜீவன்கூட அவளைக் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பத்து மாப்பிள்ளைதான் கொலைகாரன் என்கிறான் ஒருத்தன். படகுக்காரன் என்கிறான் இன்னொருத்தன். குழுவை நடத்தும் வெங்கிடராமன், முன்னாள் பேங்க் மேனேஜர், "திரைக்கதையில் வேகம் போதாது" என்று தீர்ப்பு எழுதுகிறார். பொறுக்குமா எனக்கு?

எங்கள் குழுவில் இளசுகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மலையாளம்தான் படிப்பார்கள். அதனால் அபிப்பிராயமெல்லாம் பெரும்பாலும் குரல் பதிவுதான். நானும் போனை வாயருகே வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினேன். "அந்தப் பச்சை முக்காட்டைப் பாத்தீங்களா? உதடு அசையுது. என்ன சொல்றா? மூணு! எதுக்கு மூணு? குடும்பத்துல மூணு உசுரு போகப்போகுது. படகுக்குச் சோறு கட்டிக் குடுத்தது யாரு? யோசிங்க!" கடைசியில் ஒரு சிரிப்பு வேறு. கேட்டுப் பார்த்து நானே நடுங்கிப்போனேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அது பள்ளுருத்தி போனது, கும்பளங்கி போனது, துபாய் போனது. பத்தாம் நாள், பின்னணி இசையோடும், ரம்லத்தின் உதட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடும் எனக்கே திரும்பி வந்தது. சாயாக்கடையில் ஒருத்தன் எனக்கே போட்டுக் காட்டினான்.

"யாருப்பா இது, இவ்வளவு மூளைக்காரன்!" என்றேன். அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். ரம்லத்தின் தொழிலே பொதிச்சோறுதான். நான் ஓய்வு பெற்ற மறுமாதம், "நாள் பூரா உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருக்க முடியாது" என்று ஆரம்பித்தாள். இப்போது அதுதான் அவளுக்கு மூச்சு. தினம் இருபத்திரண்டு பொதி. இலையை அனலில் வாட்டி, சோறு வைத்து, மத்தி மீன் வறுவல் ஓரத்தில், பீஃபும் மரவள்ளிக் கப்பையும் ஓரத்தில், நூலால் கட்டி அடுக்குவாள். ஸ்கூட்டரில் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

நாலாம் பகுதியில் மூன்றாவது பிணம் விழுந்தது. நான் அடித்துவிட்ட புளுகு அப்படியே பலித்துவிட்டது! மறுநாள், ஹோட்டலில் வேலை பார்க்கும் மாரிச்செல்வம் பொதியை வாங்கி மோந்து பார்த்தான். "பாய், கணக்கு மூணோட முடிஞ்சுதா? இல்ல நாலாவது நானா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அதற்கடுத்த நாள், "வயிறு சரியில்ல பாய், ரெண்டு நாளைக்கு வேண்டாம்" என்றான். தையல் கடை மாளவிகா, "எனக்கு ஒண்ணும் இல்ல இக்கா, வீட்டுல மாமியாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காம்" என்றாள்.

இருபத்திரண்டு பதினெட்டானது, பதினொன்றானது. பயம் என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னால் சட்டையைப் பிடிக்கலாம். தமாஷ் என்று சொல்கிறவனை எங்கே பிடிப்பது?

திரும்பி வந்த பொதிகளை ரம்லத் எண்ணி ஓரமாக அடுக்குவாள். ஒருநாள் மட்டும் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கடைசிச் சிரிப்பு... உங்க சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே உண்மையைப் பதிவு செய்து அனுப்பினேன். "நான் அப்துல் நாசர். அது என் வீட்டுக்காரி. குக்கர் விசிலை எண்ணினா, அவ்வளவுதான்." உடனே பதில்கள் குவிந்தன. "நல்லா சமாளிக்கிறீங்க." "அப்போ புருஷனும் கூட்டா?" வெங்கிடராமன் வழக்கம்போலத் தீர்ப்பு எழுதினார்: "நாசர், முதல் பதிவில் இருந்த அழுத்தம் இதில் இல்லை."

களமசேரியிலிருந்து மகள் நௌரின் கூப்பிட்டாள். "வாப்பா, கை எடுத்துக் கும்பிடுறேன். இனி வாயே திறக்காதீங்க."

திறக்கவில்லை. கடைசிப் பகுதிக்காகக் காத்திருந்தேன். கொலைகாரன் மாப்பிள்ளைதான்! விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். நான் போட்ட கூச்சலில் ஃபோர்ட் கொச்சிவரை காக்காய் பறந்திருக்கும். கூவி முடித்துப் போனைப் பார்த்தால், "முடிவை மாத்திட்டாங்க" என்று ஒருத்தன். "மாப்பிள்ளை வெறும் கைப்பாவை, பச்சை முக்காடு அடுத்த சீசன்ல வரும்" என்று இன்னொருத்தன். அதற்கு எண்பத்தாறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். இந்த எண்ணிக்கையில் மிகை இல்லை.

மறுநாள் ஆறு பொதிக்குத்தான் ஆள் இருந்தது. ரம்லத் இருபத்திரண்டு கட்டி வைத்திருந்தாள்.

"எதுக்கு இத்தனை?"

"கை பழகிப்போச்சு."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறையும் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு பஸ் ஸ்டாப் முக்கில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். "எல்லாரும் வாங்க! இது என் பொண்டாட்டி கட்டின சோறு. நான் சாகுறேனா பாருங்க!" என்று ஒரு பொதியைப் பிரித்து வழித்துத் தின்றேன். ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். சரி, முப்பது பேர். இரண்டாவதை முடித்ததும் கைதட்டினார்கள். கைதட்டினால் நான் நிறுத்துகிற ஆளா? மூன்றாவதில் வேட்டியைத் தளர்த்தினேன். நாலாவதில் மாரிச்செல்வமே, "போதும் பாய், நம்பிட்டோம்" என்றான். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஐந்தாவதைப் பிரித்தேன். ஏப்ரல் வெயில், மத்தி, பீஃப், கப்பை, அறுபத்தாறு வயசு வயிறு. மாரிச்செல்வத்தின் புதுச் செருப்பிலேயே வாந்தி எடுத்துச் சரிந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. முப்பது போன்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். "அளவு இல்லாமத் தின்னதுதான், வேற ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அதை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை. வீடு திரும்புவதற்குள் நான் சரிகிற படம் வந்துவிட்டது. மேலே 'நாலு' என்று எழுதி, சிவப்பு வட்டத்துக்குள் என் முகம்.

மறுநாள் காலை ஒருத்தர்கூடச் சோறு கேட்கவில்லை. ரம்லத் இலை வாட்டவும் இல்லை. எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கட்டிலருகே நின்றாள். பின்னால் அடுப்பில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்னவோ வெந்துகொண்டிருந்தது. விசில் அடித்தது. அவள் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள். உதடு அசைந்தது.

முப்பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற முகம். இதில் ஒரு துளி மிகை இல்லை: கரண்டியோடு போன என் கை ஒரு நொடி நின்றுவிட்டது.

அவள் பார்த்துவிட்டாள். கரண்டியை வாங்கி, ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்று கரண்டியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வயிறு வேண்டாம் வேண்டாம் என்றது. கடைசிப் பருக்கைவரை வழித்துக் குடித்தேன்.

"ரம்லத், தீந்துபோச்சு! இன்னும் ஒரு கரண்டி ஊத்து!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

உள்ளேயிருந்து குக்கர்தான் விசிலடித்தது.