தோளுக்கு வந்த குரோட்டன்ஸ்

ஏரிக்கரையைப் பழையபடி காடாக்கப் பள்ளிப் பிள்ளைகள் நட்ட நாற்பத்தொரு செடிகளும், நட்ட பிள்ளையின் உயரத்தைத் தாண்டி ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை. பிள்ளை வளர்ந்தால் செடியும் வளரும். முதல் வருடம் ஊரே திரண்டு வந்து வாயைப் பிளந்தது. அப்புறம் பழகிவிட்டது. சீருடை தைக்கும் தையல்காரர் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவதை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்ச் செடிகளை அளந்து வந்தார். ஒரு சட்டையும் சிறுத்துப் போகவில்லை.

அவற்றில் நாற்பது நாட்டுச் செடிகள். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மகள் நட்டது மட்டும் குரோட்டன்ஸ். அதற்கு அவர்தான் காரணம். நடப் புறப்பட்ட அன்று, பள்ளி வாசலிலேயே ஒரு நாய் குறுக்கே பாய, அவர் போட்ட பிரேக்கில் மகளின் மடியிலிருந்த நாற்று விழுந்து முறிந்தது. அவள் உதட்டைப் பிதுக்கியதும் மனசு கேட்கவில்லை. வாசல் தொட்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்து, "மூச்சு விடாதே" என்றார். பேருந்தே பார்த்தது, ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

மறு வருடம் நாலே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஓட்டுநர் அழவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் கேட்கவில்லை. யார் எது சொன்னாலும் "சரி" என்றார். குரோட்டன்ஸ் மட்டும் மாதாமாதம் உயர்ந்துகொண்டே போனது. சனிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றிவிட்டு அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார்.

ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்த அறிவியல் டீச்சர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாட்டுச் செடிப் பட்டியலோடு கரைக்கு வந்தார். "அண்ணே, இது நம்ம ஊர்ச் செடி இல்ல. பிடுங்கிடுங்க."

"சரி" என்று கடப்பாரையை எடுத்தார். பிள்ளைகள் சுற்றிக் கூடினார்கள். குனிந்தபோது நுனி இலை அவர் நெஞ்சில் பட்டது. 'எப்பப்பா உன் தோளுக்கு வருவேன்?' என்று தினமும் நச்சரிப்பாளே! கடப்பாரை கையிலிருந்து நழுவியது.

"என்னால முடியாது டீச்சர். செடி மேல தப்பில்ல. நான்தான் குடுத்தேன்." இத்தனை நாளில் முதன்முறையாக அவர் குரல் உடைந்தது.

"யார் நட்டது?"

"அவரு பொண்ணு, டீச்சர்" என்றாள் ஒருத்தி. "இப்ப இல்ல."

டீச்சர் கடப்பாரையை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு பட்டியலின் அடியில் 'குரோட்டன்ஸ், ஒன்று, இந்த ஊர்' என்று எழுதிக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் வருடம் அது ஓட்டுநரின் தோளைத் தொட்டது. அதோடு நின்றுவிட்டது. அவள் அம்மாவும் அவ்வளவு உயரம்தான்.