மூன்றாவது மரத்துக்குக் கவாத்து

ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே, மலைப்பாதையின் இரண்டாம் திருப்பத்தில், முத்துராஜா குடும்பத்தின் சாயலில் மூன்று மரங்கள் முளைத்திருந்தன. 2023 மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு மலையேறியபோதுதான் மூவரும் அதைக் கவனித்தார்கள். இடுப்பில் கைவைத்து நின்றது அவர் மனைவி பாண்டீஸ்வரி. திராட்சைப் பந்தலுக்குக் கீழே முப்பது வருஷம் குனிந்து பழகிய முதுகோடு நின்றது முத்துராஜா. மூன்றாவது மரம், மகள் பவானி. அது மெல்லிய கிளை ஒன்றை வடமேற்கே நீட்டி, இப்போதே கிளம்புவதுபோல ஒரு வேரைத் தூக்கி வைத்திருந்தது.

"நான் இம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?" என்று பாண்டீஸ்வரி மரத்தோடு சண்டைக்குப் போனாள். முத்துராஜாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. நர்ஸ் படிப்பு முடித்த பவானிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. ஒத்தைப் பிள்ளை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, போ என்று சொல்ல மனசு வரவில்லை. திராட்சைக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கொடியைக் கவாத்து வெட்டும் கத்தரி இடுப்பில் இருக்கும். பெண்கள் ஓடையில் கைகழுவப் போன நேரம், அந்தக் கிளையை இரண்டு கணு விட்டு நறுக்கிவிட்டார். வெட்டுவாயில் நீர் சொட்டியது.

அன்று சாயங்காலமே பவானி, தேனியிலேயே வேலை பார்க்கிறேன் என்றாள். முத்துராஜா பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினார். பதினோராம் நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெர்மனி என்றாள், மறுநாள் துபாய், அதற்கடுத்து அயர்லாந்து. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடியது. முத்துராஜா மலைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். வெட்டிய இடத்தில் திசைக்கொன்றாக ஒன்பது துளிர். வெட்டினால்தான் கொடி வேகமாகத் துளிர்க்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷன், தன் பிள்ளை விஷயத்தில் அதை மறந்துபோனார்.

"ஆத்தா, அந்தக் கிளைய நாந்தேன் வெட்டுனேன்" என்றார் மகளிடம்.

"தெரியும்ப்பா. அன்னைக்கே கை வலிச்சுச்சு. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

மறுநாள் இருவரும் மலையேறினார்கள். பந்தலில் செய்வதுபோலவே முத்துராஜா எட்டுத் துளிர்களைக் கிள்ளிப்போட்டு, வடமேற்கே போனதை மட்டும் விட்டார். அழுகை வந்தது, அழுதார்.

ஆவணியில் பவானி ஜெர்மனி போனாள். அன்றிலிருந்து அங்கே இரண்டு மரங்களும் ஒரு குழியும்தான். வருஷத்துக்கொரு முறை அவள் லீவில் வரும்போது மரமும் வந்து நிற்கிறது, லீவு முடிந்ததும் போய்விடுகிறது. மழைக்குக் குழி தூர்ந்துவிடாமல், மாசாமாசம் முத்துராஜா மண்வெட்டியோடு போய் மண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு வருகிறார்.