காலி, கழுவப்படாதது

என் சோதனைத் தேதி முடிந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. தூத்துக்குடிப் பேருந்தின் நடத்துனர் என் சட்டையைத் தூக்கி, இடது விலாவில் இருக்கும் தகட்டைப் படித்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

"தேதி போயிருச்சே சார்."

"தம்பி இறந்துட்டான். நாலு மணிக்கு அடக்கம்."

"அவருக்குத் தேதி இருக்கா?"

"இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கு."

"அப்ப அவர் வரலாம். நீங்க இறங்குங்க."

இறங்கினேன். நடந்து போகலாமா என்று கேட்டேன். நடப்பதும் போக்குவரத்துதான் என்றார். அவர் சொன்னது சரி.

எனக்கு விதிகள் தெரியும். மணலியில் ஒரு சோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஆயிரம் லிட்டர் தொட்டிகள் வரும். சில இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக். சில முழுக்க எஃகு. அமிலமோ பசையோ, எதை ஏற்றினாலும் இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை எங்களிடம் வர வேண்டும். உள்ளே காற்றை அடைப்போம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசுவோம். பத்து நிமிடம் பார்ப்போம். குமிழி வராவிட்டால் தகட்டில் புதுத் தேதி அடிப்போம். வந்தால் திருப்பி அனுப்புவோம். ஆட்களுக்கும் இதே முறைதான். அவர்களுக்கென்று தனிக் கூடம் கிடையாது.

கூடத்துக்குத் திரும்பினேன். வாசலிலிருந்து அலுவலக அறை நாற்பது அடி. அன்று அந்தத் தூரம் முடியவே இல்லை. இரு பக்கமும் தொட்டிகள் மூன்று அடுக்காக நின்றன. எல்லாத் தகட்டிலும் என் முத்திரை எண் இருந்தது. வெகுநேரம் நடந்தேன். கால் வலித்தது. ஒரு தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்தபோது அறை எதிரில் இருந்தது.

உள்ளே எழுத்தர் கற்பகவல்லி இருந்தாள். ஆறு வருடமாக என் எதிர் மேசை. மதியம் என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொள்வாள். இருப்புப் படிவத்தை எடுத்து வைத்தாள்.

"பேரு?"

"மரியதாஸ். தெரியுமேம்மா."

"படிவத்துக்குத் தெரியாது சார். கடைசியா உள்ள என்ன இருந்தது?"

"தெரியல."

"தெரியலன்னு ஒரு வகை இல்ல. எரியறதா, அரிக்கறதா, விஷமா?"

"தம்பி செத்துட்டான். துக்கம்னு போட முடியுமா?"

"இருக்கா?"

யோசித்தேன். விலாவுக்குள் கவனித்துப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"இருந்தாலும் அது திடப்பொருள் சார். அதுக்கு வேற ஆபீஸ்."

"அப்ப காலின்னு போடு."

"கழுவினீங்களா?"

"இல்ல."

"கழுவாத காலி நிரம்பினதுக்குச் சமம். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

வேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாக லாரி டிரைவர்களுக்கு நான் சொல்லிவரும் வாக்கியம் அது. காலித் தொட்டிதானே என்பார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து என்பேன். அவள் 'காலி, கழுவப்படாதது' என்று எழுதினாள். ஆபத்துச் சரக்கில் ஒன்பதாம் வகுப்பு, இதர ஆபத்து. என்னைச் சோதனை மேடைக்குப் போகச் சொன்னாள்.

மேடையில் நூருல்லா இருந்தான். நான் வேலை பழக்கிய ஆள் அல்ல. வரும்போதே எல்லாம் தெரிந்து வந்தவன். சோதனையின்போது பிரஷ் பிடிப்பது அவன், கடிகாரம் பார்த்து முத்திரை அடிப்பது நான். இன்று இரண்டும் அவனே செய்தான். என் காதுகளில் ரப்பர் மூடி வைத்தான். மூக்கில் கிளிப் போட்டான். வாயில் காற்றுக் குழாயைச் சொருகி வால்வைத் திறந்தான். கழுத்துப் பின்புறம், அக்குள், கண்ணோரம் என்று இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் பூசினான். மூடிகளை மீறி அவன் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இருதயராஜ் அண்ணனுக்கும் நான்தானே பிரஷ் புட்ச்சேன்."

தலையசைக்கக் கூடாது. குழாய் நழுவிவிடும்.

"ஒம்போதாவது நிமிசம். தொண்டைல கடுகாட்டம் ஒரு குமிழி. அண்ணே குமிழின்னு சொன்னேன். நீ கட்டைவெரலால தொடச்சுட்ட."

துடைத்தேன். அது போன மார்ச். தம்பி இருதயராஜ் உப்பு லாரியில் ஊர் திரும்ப வேண்டும். மறுநாள் அவன் மகளுக்குப் புது நன்மை, கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்கும் நாள். தேதி இல்லாமல் லாரியில் ஏற்ற மாட்டார்கள். போட்டு விடு அண்ணே, வண்டி நிக்குது என்றான். குமிழி மறுபடி வருகிறதா என்று நான் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்தேன்.

"நான் யாராண்டயும் சொல்லல" என்றான் நூருல்லா. பிறகு பத்து நிமிடமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமே வரலண்ணே" என்றான் கடைசியில். "கண்ணாண்ட கூட வரல." சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். பிறகு தேதி அடித்தான். வலிக்கவில்லை.

என் நெஞ்சிலும் முதுகிலும் சாய்சதுர லேபிள் ஒட்டினார்கள். மேல்பாதியில் கறுப்புக் கோடுகள் கொண்டது. லாரியில் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டினார்கள். தூத்துக்குடி அன்று மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் ஆபத்தான சரக்கு ஊருக்குள் போகக் கூடாது. சுற்றிப் போனோம். போய்ச் சேர மூன்றே முக்கால் ஆகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. ஆட்கள் என் லேபிளைப் பார்த்துவிட்டு விலகி நின்றார்கள். பெட்டி திறந்திருந்தது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். சட்டைப் பொத்தான்கள் கழற்றப்பட்டு, தகடு வெயிலில் மின்னியது.

"வந்துட்டியாண்ணே" என்றான். "காலைலேர்ந்து கெடக்கேன். இவரு விட மாட்டேங்காரு."

இவர் என்பது கல்லறை அலுவலர். மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தேதி ஓடிக்கிட்டு இருக்க ஆள எப்படிப் பொதைக்க?" என்று என்னிடம் கேட்டார். "தேதி போட்டவரே வந்து குறுக்கக் கோடு அடிக்கணும். பதினேழாம் நம்பர் முத்திரை யாரு?"

"நான்தான்."

"சோதனை சரியா நடந்துதா?"

தம்பி மனைவி ஸ்டெல்லா பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். இரண்டு பிள்ளைகளும் அவளை ஒட்டி நின்றார்கள். தம்பி என்னைப் பார்த்தான்.

"சொல்லிருண்ணே. நாலு மணி ஆவுது."

"நடக்கல" என்றேன். "குமிழி வந்துச்சு. தொடச்சுட்டுத் தேதி போட்டேன்."

அலுவலர் எழுதிக்கொண்டார். எந்த நிமிடம், எந்த இடம், எந்தக் கை என்று கேட்டார். சொன்னேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு உளியும் சுத்தியலும் கொடுத்தார்.

பெட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். தகட்டின் மேல் உளியை வைத்தேன்.

"ஒனக்கு அப்பவே தெரிஞ்சிச்சா?" என்று கேட்டேன்.

"தொண்டைல குளுகுளுன்னு இருந்துச்சு. ஆனா அவ புது நன்மைக்குப் போய்ச் சேந்துட்டேம்லா. வெள்ளைக் கவுனு போட்டு நின்னா. பாத்தேன்." சற்று யோசித்தான். "அடிண்ணே."

குறுக்காக ஒரு கோடு அடித்தேன். மூன்றாவது அடியில் கோடு விழுந்தது. அதன்பின் அவன் பேசவில்லை. இரண்டு பேர் மூடியைக் கொண்டுவந்தார்கள். பங்குச் சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார்.

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். லேபிளை அவள் பொருட்படுத்தவில்லை.

"அத்தான்."

"சொல்லும்மா."

"எனக்குத் தை மாசம் தேதி முடியுது. பிள்ளையளுக்கு வைகாசில."

"சரி."

"நீங்க பாக்க வேண்டாம்."

"சரிம்மா."

"அங்க வேற ஆளு இருக்காவளா?"

"நூருல்லான்னு ஒருத்தர் இருக்கார்."

"பத்து நிமிசமும் பாப்பாரா?"

"பாப்பார்."

அவள் அந்தப் பெயரை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, ஒரு பிடி மண் எடுத்து என் கையில் வைத்தாள். குழியில் மண் போடும் வரிசையில் எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் கடைசியில் போய் நின்றேன்.