கீழே விழவே இல்லை

என் அக்கா புருஷன் எனக்கு வைத்த பெயர் டமார். அவர்கள் வீட்டுப் புது டிவியை நான் மாடிப்படியில் நழுவவிட்ட நாளிலிருந்து அந்தப் பெயர்தான். யார் வீட்டுக்குப் போனாலும், "டமார் வந்தாச்சு, கண்ணாடி சாமானையெல்லாம் உள்ள வைங்க" என்று ஆரம்பித்துவிடுவார். வெளியே சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறேன். எல்லாப் பிரிவுகளின் கோப்புகளையும் டேப்பில் பதிந்து பத்திரப்படுத்துவது என் பொறுப்பு. மாமா, அந்த டேப்பை ஓட்டிப் படிக்கும் டேப் டிரைவ் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் வருவார். அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் அவள் குரலைப் பதிவு செய்தார்கள். மகளுக்கு ஒரு கதை, ஒரு பாட்டு, அவளைக் கூப்பிடும் செல்லப் பெயர்கள், இரண்டு மூன்று பொய்க் கோபங்கள், எல்லாம் பேசி வைத்தாள். "வீட்டுக்கு ஒரு காப்பி குடுடா" என்று கேட்கவும் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தவன் நான்தான். ஆபரேஷனும் முடிந்து, அவள் குரலும் போய்விட்டது.

இன்று காலையில் அந்தப் பிரிவின் கம்ப்யூட்டர் அக்காவின் பதிவுகளோடு படுத்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, டேப்பில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. முதல் டேப்பை எடுக்கப் போனேன். ஒரு கையில் டீ, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், இன்னொரு கையில் டேப். வேறென்ன, விழுந்தது.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டிதான். உள்ளே டேப்பின் முனையில் சின்னதாக ஓர் ஊசி இருக்கும். டிரைவுக்குள் இருக்கும் கொக்கி அதைப் பிடித்துத்தான் டேப்பை இழுக்கும். அந்த ஊசி இடம் மாறியிருந்தது. விழுந்த டேப்பை டிரைவில் போடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தருவது. நான் என்ன செய்தேன்? சுற்றுமுற்றும் பார்த்தேன். நகத்தால் ஊசியைத் தள்ளி உட்காரவைத்தேன். டிரைவில் போட்டேன். மூளையை அடகு வைத்தவன்கூட இதைச் செய்ய மாட்டான்!

டிரைவ் ஊர்ந்தது. கொஞ்சம் முன்னே போகும், நிற்கும், பின்னே வரும், படித்ததையே மறுபடி படிக்கும். மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு கோப்புதான் வந்தது. அப்புறம் அதுவும் நின்று மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. மாமாவைக் கூப்பிட்டேன்.

பையும் கையுமாக ஓடி வந்தார். பயத்தை மறைக்கத்தானோ என்னவோ, வாசலிலேயே கிண்டலை ஆரம்பித்தார். "என்னடா டமார், எதைப் போட்டு உடைச்ச?"

"ஒண்ணும் உடைக்கல. டிரைவ்தான் ஸ்லோ."

"டேப் எங்கயாவது கீழ விழுந்துச்சா?"

"விழவே இல்ல மாமா. எப்பப் பாரு என்னையே சொல்லுங்க!" பொய் சொல்கிறவனுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

"சரிடா, கோச்சுக்காத. கேக்கணும்ல" என்றார். நம்பிவிட்டார் மனுஷன்.

சுத்தம் செய்யும் டேப்பை ஓட்டினார். கேபிளை மாற்றினார். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். காரணம் தெரிந்தும், அவர் தேடுவதற்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வெற்று டேப்பைப் போட்டார். சமர்த்தாக உள்ளே போய் வெளியே வந்தது.

"டிரைவ் நல்லாத்தான் இருக்கு. அந்த டேப்தான் மோசம். ரெண்டாவது காப்பியை எடு."

எடுத்தேன். அக்காவின் குரல் வேறெங்கும் இல்லை. விழுந்த டேப் கொக்கியை வளைத்திருக்கலாம். வளைந்த கொக்கி ஒரு தடவை பிடிக்கும், மறு தடவை கைவிடும். எனக்குத் தெரியாதா?

"மாமா, எதுக்கும் டிரைவைத் திறந்து கொக்கியைப் பாத்துடலாமே."

"ஏன்டா?"

ஏன் என்று சொல்ல வேண்டுமே. தொண்டை வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

டேப்பை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தேன்.

கொக்கி பாதி வழியில் விட்டுவிட்டது. கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. மாமா டிரைவைத் திறந்தபோது டேப் உருளையில் சுற்றி, கசங்கி, கிழிந்து கிடந்தது. கெட்டுப்போன டேப்பிலிருந்து கோப்புகளை மீட்பதையே தொழிலாக வைத்திருக்கும் இரண்டு பேருக்குப் போன் போட்டார். இரண்டு டேப்புமே தேறாது என்று இரண்டு பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

வளைந்த கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விழுந்த டேப்பைத் தவிர எதுவும் அதை அப்படி வளைக்காது என்று அவருக்கா தெரியாது?

"வந்த வரைக்கும் எடுத்துக்க தம்பி. வீட்டுக்குப் போலாம்."

தம்பி என்றார். டமார் என்று கூப்பிட்டுக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் அக்கா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, மகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள். நான் மடிக்கணினியைத் திறந்து அந்த ஒற்றைக் கோப்பை ஓடவிட்டேன். அது கதையும் இல்லை, பாட்டும் இல்லை. மைக்கைச் சோதித்தபோது பதிவானது. முதலில் மாமாவின் குரல் கேட்டது. "இதெல்லாம் டமார் பொறுப்பாம். போச்சு போ!"

அக்கா சிரித்தாள், கணினிக்குள். "சும்மா இருங்க. அவன் எதை வேணா கீழ போடுவான், என் குரலைப் போடமாட்டான். என் தம்பி அவன்."

அவ்வளவுதான் இருந்தது.

"அம்மா பேசுறாங்க!" என்று குழந்தை கைதட்டினாள். அக்கா முகமெல்லாம் பூரிப்பாக, மீதி எங்கே என்று கையை அசைத்துக் கேட்டாள். மாமா தரையைப் பார்த்தார். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார்.

"மீதி இல்லக்கா. டேப்பை நான்தான் கீழ போட்டேன். மாமா கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். ரெண்டு காப்பியும் போச்சு."

சின்ன வயதில் என்னைத் தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டியவள். "திட்டுக்கா. ஏதாவது சொல்லிடுக்கா" என்று காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் வாய் வேகவேகமாக அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அம்மா பேசுனது இன்னொரு தடவை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். என் தம்பி அவன் என்று அக்கா மறுபடியும் சொன்னாள்.