சாப்பாட்டுக்கு முந்தின மசோதா

ஆட்சிக்கு வந்ததும் மூன்று சட்டங்கள் கொண்டுவருவதாகக் கட்சி வாக்குக் கொடுத்திருந்தது: வேலை, மருத்துவம், பொருளாதாரம். கூட்டத்தொடரின் கடைசி நாளுக்குத்தான் மூன்றும் தயாராயின. எது முதலில் என்பதில் கட்சி அலுவலகத்து மேஜை அதிர்ந்தது.

"வேலை இல்லாதவன் வயித்துல ஈரத்துணி. என்னுதுதான் முதல்ல," என்றார் தொழிற்சங்கக்காரர்.

"அந்த வேலைக்குச் சம்பளம் வானத்துலேர்ந்தா கொட்டும்? பொருளாதாரம் முதல்ல," என்றார் புரொபசர்.

மருத்துவ மசோதா சிஸ்டருடையது. நர்ஸ் வேலையை விட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்த பிறகும் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் இருட்டினால் டாக்டர் கிடையாது. இரவிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே மசோதா. அந்தக் கடைசி நாள் தவறினால் அடுத்த வருடம்தான்.

"என்னுது மூணாவதா இருக்கட்டும்," என்றார் சிஸ்டர்.

அவர் மனம் மாறுவதற்குள் கட்சித் தலைவர் எழுதிக்கொண்டார்.

வீட்டில், தையற்காரரான கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "விட்டுக்குடுத்துட்டு வந்து நிக்கிற. கடைசில வர்றத எவன் கேப்பான்?"

"கேக்காம இருந்தாப் போதும். ரவுண்ட்ஸ் வர்ற பெரிய டாக்டர்கிட்ட முதல் கட்டில்ல எதை நீட்டினாலும் ஆயிரம் கேள்வி. கடைசிக் கட்டில்ல பசியோட நிப்பாரு. படிச்சுட்டு உடனே கையெழுத்து."

"சபையும் வார்டும் ஒண்ணாடி?"

"வார்டுல நோயாளிங்க மட்டும் தூங்குவாங்க. மத்தபடி ஒண்ணுதான்."

மறுநாள் கணவர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். வேலை மசோதா கூச்சலோடு தொடங்கிக் கூச்சலோடு நிறைவேறியது. பொருளாதாரம் வந்தது. புரொபசர் எழுந்தவர் உட்காரவில்லை. சாப்பாட்டு மணி நெருங்க நெருங்க, கணவர் கடிகாரத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். சபாநாயகர் இரண்டு முறை மணியடித்த பிறகே புரொபசர் அடங்கினார். அந்த மசோதாவும் தேறியது.

கேன்டீனில் வெங்காயம் வதங்கும் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. சிஸ்டர் எழுந்தார். எழுதிவைத்திருந்த பக்கங்களைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ராத்திரி நெஞ்சு வலிக்கிறவங்க விடியறவரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்க. அவ்வளவுதான்," என்று சொல்லி அமர்ந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு எழுந்தார். கனத்த உடம்பு, கறாரான ஆள். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பினார். மூக்கு லேசாக விடைத்தது.

"என் தொகுதிக்கும் டாக்டர் உண்டா?"

"எல்லாத் தொகுதிக்கும் உண்டுங்க ஐயா."

"அப்ப ஆட்சேபணை இல்ல." காகிதக் கட்டு மேஜைக்குள் போயிற்று. கைகள் உயர்ந்தன. மசோதா நிறைவேறியது. சபை கலைந்து, பந்திக்கு ஓடுவதுபோல் ஓடியது.

கேன்டீனில் தொண்டை கட்டிய தொழிற்சங்கக்காரர் வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் வாயில் சோற்றோடு, "பொல்லாதவடி நீ," என்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் காலித் தட்டோடு அவர்கள் மேஜைக்கு வந்து நின்றார். "பசி அடங்கிடுச்சும்மா. கேக்க வேண்டியதெல்லாம் இப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. அத்தனை டாக்டருக்கு எங்க போவீங்க?"

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க ஐயா. எல்லாத்துக்கும் பதில் எழுதித்தான் வச்சிருக்கேன்."

அவர் கைப்பையைத் திறப்பதைப் பார்த்துக் கணவர் இன்னொரு கரண்டி சோறு வாங்க எழுந்தார்.