கோலமில்லாத வாசல்

விருத்தாசலம் திண்டிவனத்தில் நெடுநாள் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். மழையாயினும் கோடையாயினும் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டே விடியற்காலையில் நடக்கப் புறப்படுவார். சர்க்கரை நோய்க்காக ஏரிக்கரை வரை நடக்குமாறு டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ ரயில் பாதையையும் தாண்டி, புதிதாக மனை பிரித்த நகர் வரை நடந்தார்.

வழியில் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பாதி கட்டிய வீட்டு வைக்கோற் பொம்மைக்கு யாரோ காக்கிச் சட்டை மாட்டியிருந்தார்கள். புதிதாக டி.வி. வாங்கிய வீட்டில், ஆன்டெனாவில் அமரும் காகத்தை விரட்டவே ஒருவர் மாடியில் நின்றார்.

கடைசித் தெருவில் அவர் மகள் அம்சாவின் வீடு இருந்தது. அவள் தன் விருப்பப்படி மணந்துகொண்ட அன்று, "நீயா வந்து கூப்பிடாம உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவள் அழைக்கவில்லை. அவர் எதிர்ச்சாரியில் நடந்தவாறே அவளுடைய கோலத்தை மட்டும் பார்த்து வந்தார். அவள் தாய் இட்ட கோலத்தைப் போலவே வலது மூலை சற்று இழுபட்டிருக்கும்.

ஐப்பசியில் கோலம் சிறுக்கத் தொடங்கிற்று. மார்கழியில் தெருவெல்லாம் பெரிய கோலமும் பூசணிப்பூவுமாய் இருக்க, அவள் வாசலில் நான்கு புள்ளிகளே இருந்தன. குனிய இயலாதவளின் கோலம் அது என்று அவருக்கு விளங்கிற்று. பிள்ளை பிறந்தால் அழைப்பு வருமல்லவா? சட்டைப்பையில் கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டார்.

மாசியில் ஒரு நாள் கோலமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள் என்று மகிழ்ந்தார். மறுநாளும் வாசல் வெறுமையாயிருந்தது. பால்கார சவுரியம்மாள் எதிரே வந்தாள்.

"இன்னா சார், டாக்டரு இந்தத் தெருவுலதான் நடக்கச் சொன்னாரா?"

அவர் சிரித்தார். "அந்த வீட்டுல யாரும் இல்லையாம்மா? கோலத்தக் காணோமே."

அவள் பால் கேனைக் கீழே வைத்தாள்.

"உங்களாண்ட யாரும் சொல்லலியா சார்? புள்ள வயித்துலயே பூட்ச்சி. ஆம்பளப் புள்ள. உங்க பொண்ணு உள்ளதான் படுத்துக்கினு கீது. உங்கப்பாவுக்கு ஆள் அனுப்பவான்னு அது ஊட்டுக்காரரு கேட்டாராம். நல்லதுக்கே கூப்புடல, இதுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கூப்புடறதுன்னு அழுதுச்சாம்."

விருத்தாசலம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அழைத்தால்தான் வருவேன் என்றபோது அவர் நினைத்ததெல்லாம் சீமந்தமும் பெயர்சூட்டு விழாவுமே. சாவு வீட்டுக்கு அவர் என்றைக்கு அழைப்பை எதிர்பார்த்துப் போயிருக்கிறார்?

பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இத நீ வச்சிக்கம்மா. அங்க எடுத்துக்கினு போகக் கூடாது."

"இன்னா சார் இது?"

அவர் தெருவைக் கடந்து, கோலமில்லாத வாசலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்.

"நான் உள்ள போறேம்மா," என்றார். "கதவத் தொறக்கலன்னா, தொறக்கற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."